பெரிலின் நடுக்கம்

நாற்காலிக்கும் டெஸ் நோஸ்கிக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. தேநீரை நின்றபடியே குடிப்பான். ரேடியோவில் கிரிக்கெட் ஓடினால் சமையலறைக்கும் பின்வாசலுக்குமாக நடந்துகொண்டேதான் கேட்பான். கல்யாணத்தன்று பாதிரியார் பிரசங்கத்தை நீட்டிக்கொண்டு போனபோது, மாப்பிள்ளை நைசாக எழுந்து வெளியே போய் வண்டி டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்ததாகக் கூலமிண்டா ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். டெஸ் அதை மறுப்பான். காற்றெல்லாம் பார்க்கவில்லை, டயரைச் சும்மா ஒரு உதை உதைத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான் என்பான்.

பள்ளிக்கூடத்திலும் அவனால் உட்கார முடியவில்லை. பதினைந்து வயதில் வெளியே வந்து ஒரு மாட்டுப் பண்ணையில் வேலிக்கம்பி இழுத்தான். ஒரு பருவம் ஆட்டுமயிர் கத்தரிப்பவர்களுக்குச் சமைத்துப் போட்டான். அவன் கையால் சாப்பிட்டவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்னும் அவனை மன்னிக்கவில்லை. பிறகு ஓப்பல் என்கிற ரத்தினக்கல் தோண்டப் போனான். பூமிக்குள் ஒரு குழியில் குந்தியிருக்கிற வேலை அது. அது எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இப்படிப்பட்டவனுக்கு உலகத்தில் உட்காரத் தோதான இடம் ஒன்றே ஒன்றுதான் வாய்த்தது. அது தபால் வண்டியின் ஓட்டுநர் இருக்கை. உட்கார்ந்த மாதிரியும் இருக்கும், எங்கேயோ போய்க்கொண்டிருக்கிற மாதிரியும் இருக்கும். அவன் அப்பா ஓட்டிய அதே பாதைதான். கூலமிண்டாவிலிருந்து வடக்கே, செம்மண்ணில், பண்ணை பண்ணையாகக் கடிதம், மருந்து, மளிகை, கோழித்தீவனம், டிராக்டர் பெல்ட், யாரோ வரவழைத்த கல்யாணத் தொப்பி என்று எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டே போக வேண்டும். காலையில் கிளம்பினால் அந்திக்குத் திரும்பலாம். முப்பது வருஷத்துக்கு மேலாக டெஸ்ஸின் பிழைப்பும் மூச்சும் அதுதான்.

வண்டியின் பெயர் பெரில். கிளெனிஸின் அத்தை பெயர். கிளெனிஸ், டெஸ்ஸின் மனைவி. அத்தை பெரில் வாயை மூடவே மாட்டாள், இந்த வண்டியின் இன்ஜினும் அப்படித்தான் என்பதால் வைத்த பெயர். நாலு சக்கரமும் இழுக்கக்கூடிய, முதுகு நீண்ட, சாம்பல் நிற வண்டி. இங்கே குளிர்காலம் முடிவது ஆகஸ்டில். அந்த ஆகஸ்டில் பெரில் நடுங்க ஆரம்பித்தாள்.

எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் இருக்காது. தொண்ணூறைத் தொடும்போது முதலில் இருக்கைக்கு அடியில் ஒரு குறுகுறுப்பு வரும். அப்புறம் அது தரையெல்லாம் பரவி, பிளாஸ்க்கின் மூடி கிடுகிடுவென்று தாளம் போட, ஸ்டீயரிங் வழியாக டெஸ்ஸின் மணிக்கட்டு வரை ஏறிவிடும். வேகத்தைக் குறைத்தால் அடங்கும். ஏற்றினால் திரும்ப வரும். சக்கரம் சுழல்கிற வண்டி என்றால் என்றைக்காவது நடுங்கத்தான் செய்யும், வேறொருவன் என்றால் பட்டறையில் விட்டுவிட்டுப் பீர் குடிக்கப் போயிருப்பான். டெஸ்ஸால் அப்படிப் போக முடியவில்லை. ஏனென்றால் நடுங்குவது பெரில்தானா, இல்லை தன் கையா என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அவன் அப்பாவுக்கு அப்படித்தான் தொடங்கியது. தேநீர்க் கோப்பை தட்டில் கடகடக்கும். லாரி பழசாகிவிட்டது, அதை ஓட்டி ஓட்டிக் கை உதறல் எடுத்துவிட்டது என்பார் அப்பா. அம்மாவும் ஆமாம் ஆமாம் என்பாள். ஒருநாள் பாதைக்குக் குறுக்கே இருந்த மண்டோவி பண்ணை கேட்டை அம்மா திறந்து பிடித்துக்கொண்டு நிற்க, அப்பாவின் கை ஸ்டீயரிங்கை ஒருபக்கமாக வெட்டி இழுத்துவிட்டது. லாரி கேட்டோடு அம்மாவைத் தூணில் வைத்து நசுக்கியது. உயிர் பிழைத்தாள். இடுப்பு போய்விட்டது. சாகிறவரை ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். அப்பா அதற்கப்புறம் வண்டியைத் தொடவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. முன் வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலியின் கைப்பிடி மேல் அவர் கை மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். டெஸ்ஸுக்கு நாற்காலி ஏன் ஆகாது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கொஞ்ச காலமாகச் சட்டைப் பொத்தான் போடுவது டெஸ்ஸுக்குக் கஷ்டமாக இருந்தது. பொத்தான் தயாரிப்பவர்கள் ஓட்டையைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நடுக்கம் பெரிலுடையது என்றால் ஒரு ஸ்பானரோடு விஷயம் முடிந்தது. நடுக்கம் தன்னுடையது என்றால் அந்த வராந்தா நாற்காலி காத்திருக்கிறது. ஆக, அது பெரிலாகத்தான் இருந்தாக வேண்டும்.

ஈஸ்டர் முதல் கிளெனிஸ் வேறு தபால் ஓட்டத்தில் கூட வர ஆரம்பித்திருந்தாள். ஊர் மருத்துவ நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் போரடிக்கிறது, உன்னோடு வந்தால் நாலு பேரைப் பார்க்கலாம் என்றாள். இந்தப் பக்கத்தில் ஆடுமாடு தாண்டாமல் பாதையில் பண்ணைக்குப் பண்ணை போட்டிருக்கிற கேட்டைத் திறந்து மூடுவது பக்கத்து இருக்கையில் இருப்பவர் வேலை. ராணியே வந்து உட்கார்ந்தாலும் அவர்தான் இறங்க வேண்டும். கிளெனிஸ் அதையும் ஒழுங்காகச் செய்தாள். ஆனால் அவள் கேட்டைத் திறக்கிற விதம் டெஸ்ஸுக்குச் சிரிப்பாக வரும். ஊரில் எல்லாரும் கேட்டைத் தள்ளிக்கொண்டு அதன் ஓரத்திலேயே நிற்பார்கள். இவள் கேட்டை முழுக்கத் திறந்துவிட்டு, திரும்ப நடந்து போய், அந்தத் தடித்த மூலைத்தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வாள்.

"அங்க என்ன, ஒளிஞ்சு பிடிச்சு வெளையாடுறியா?" என்பான் டெஸ்.

"தூசி, டெஸ். ஒன் தூசியைத் தின்னுதான் நான் வயிறு வளக்கணுமா?"

பெரில் நடுங்க ஆரம்பித்ததும் அவளிடம்தான் முதலில் கேட்டான். "நடுங்குது, தெரியுதா?" ஆமாம், தெரிகிறது என்றாள். அந்த ஆமாமை டெஸ் நம்பவில்லை. நாற்பது வருஷம் நோயாளிகளிடம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியவள். வலது கால் வலிக்கிறது என்று ஒருத்தன் இடது காலைக் காட்டினாலும் ஆமாம் என்றுதான் சொல்வாள். டெஸ்ஸுக்கு வேண்டியது மெக்கானிக்கின் ஆமாம்.

ஊரில் இருந்த ஒரே மெக்கானிக் நெவில். பள்ளிக்கூடத்தில் டெஸ்ஸோடு ஒரே பெஞ்சில் இருந்தவன், அதாவது டெஸ் உட்காராத பெஞ்சில். பெரிய தொப்பை, பெரிய குரல். வண்டியைக் காதால் கேட்க மாட்டான், கண்ணால் பார்க்க மாட்டான், பிட்டத்தால்தான் ஓட்டிப் பார்ப்பான்.

"ஸ்டீயரிங் ஆடுனா முன் சக்கரம். சீட் ஆடுனா ஷாஃப்ட். கை பொய் சொல்லும்டா, குண்டி பொய் சொல்லாது" என்பான்.

முதலில் சக்கரங்களைக் கழற்றினார்கள். ஆகஸ்டில் ஓடையில் தண்ணீர் வந்தபோது உள்ளே ஏறிய சேறு, ரிம்மின் உட்புறத்தில் செங்கல் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. டெஸ் உளி வைத்துச் சுரண்டி எடுத்தான். இதுதான், இதேதான் என்று அவனுக்குக் கொண்டாட்டம். நெவில் வண்டியை எடுத்துக்கொண்டு விமான ஓடுதளம் வரைக்கும் தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பளிங்கு மாதிரி போகுது" என்றான். அடுத்த தபால் நாளில் பெரில் பழையபடி நடுங்கினாள்.

டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றினார்கள். இன்ஜினைத் தாங்குகிற ரப்பர்களை மாற்றினார்கள். இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற ஷாஃப்டை இறக்கி, இரண்டு முனையிலும் இருந்த கிராஸ் என்கிற இணைப்புகளைப் புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நெவில் தார் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து ஒரு குறையும் இல்லை என்பான். ஒவ்வொரு தபால் நாளும் செம்மண் பாதையில் டெஸ்ஸின் மணிக்கட்டு வரை அது ஏறும். கடைசியில் நெவில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல, டெஸ். ஒனக்குத்தான் வயசாகி ஆடுது."

நெவில் வேடிக்கையாகத்தான் சொன்னான். டெஸ்ஸும் சிரித்துவைத்தான். வீட்டுக்கு வந்தவன் அந்த வாரம் முழுக்க ஒரு நிமிஷம் ஓயவில்லை. ஈ வராமல் கம்பி வலை போட்ட கதவைக் கழற்றி மாட்டினான். ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றினான். கோழிக்கூண்டைத் தோட்டத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தி, அங்கே வெயில் அதிகம் என்று திரும்பக் கொண்டுவந்தான். கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன. கிளெனிஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், அவன் நின்ற இடத்துக்கெல்லாம் தேநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோப்பையைப் பாதிதான் நிரப்பினாள். டெஸ் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த தபால் நாளன்று கிளெனிஸ் வரவில்லை. குதிரைப் பந்தயத் திருநாளுக்காக ஊர் மன்றத்தில் பெண்கள் எல்லாம் கூடிக் கேக் சுடுகிறார்கள், அவள் இல்லாமல் முடியாது. டெஸ் நேரே பட்டறைக்குப் போனான்.

"ஏறு. இன்னைக்கு நீ வர்ற. ஒன் பெரிய பிட்டத்தை எங்கூட பாதையில கொண்டாந்து வச்சுப் பாரு. அது நடுங்கலைன்னா நான் இனிமே இதப்பத்திப் பேச மாட்டேன்."

"மதியச் சாப்பாடு?"

"உப்புக்கறி வச்ச ரொட்டி இருக்கு."

"நீ செஞ்சதா?"

"கிளென் செஞ்சது."

"அப்பச் சரி" என்று நெவில் ஏறிக்கொண்டான்.

ஊரைத் தாண்டியதும் முதல் கேட். நெவில் முனகிக்கொண்டே இறங்கித் திறந்தான். பெரில் கேட்டைக் கடந்ததும் டெஸ் வண்டியை நிறுத்திவிட்டுத் தானும் இறங்கி, முன் சக்கரத்தருகே குனிந்து, அதன் நடுவில் இருக்கிற ஹப்பைத் திருகிப் பூட்டினான். மணலில் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுப்பதற்காகப் போடுகிற பூட்டு அது. அந்தப் பக்கம் போய் அதையும் பூட்டினான். நெவில் கேட் சங்கிலியைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டேய். என்ன பண்ற?"

"ஹப் பூட்டுறேன்."

"அது தெரியுது. எதுக்குன்னு கேக்குறேன். பாதை மேசை மாதிரி கெடக்கு."

"அப்பா இங்கதான் பூட்டுவாரு. திரும்பி வர்றப்ப இங்கதான் அவுப்பாரு."

"ஒங்கப்பா காலத்துல இது மணல்மேடு. அரசாங்கம் ரோடு போட்டு நாளாச்சு, ஒங்க குடும்பத்துக்கு யாரும் தகவல் சொல்லலியா?"

காலையில் கால்சட்டை போட்டேன் என்று யாரும் ஊரில் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. கேட்டில் ஹப் பூட்டுவதும் அவனுக்கு அப்படித்தான். இத்தனை வாரத்தில் அதை யாரிடமும் சொல்லத் தோன்றியதே இல்லை.

நெவில் ஏறி உட்கார்ந்தான். டெஸ் வேகத்தை ஏற்றினான். எழுபது. எண்பது. தொண்ணூறைத் தொட்டதும் பிளாஸ்க்கின் மூடி ஆட ஆரம்பித்தது. நெவிலின் தொப்பையும் ஆட ஆரம்பித்தது. அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"நடுங்குறாடா! பெரில் நடுங்குறா!"

டெஸ் நடுவழியில் பிரேக்கை மிதித்தான். "நெசமாவா? ஒனக்குத் தெரியுதா?"

"எனக்கா? என் பல்லெல்லாம் ஆடுது. முட்டாப் பயலே, ஹப்பைப் பூட்டுனா முன் ஷாஃப்டும் சேந்து சுத்தும். தொறந்து விட்டா அது சும்மா தொங்கும். நான் ஊருக்குள்ள தொறந்து வச்சு ஓட்டுனேன், நீ பாதையில பூட்டிவச்சு ஓட்டுன. நாம ரெண்டு பேரும் ரெண்டு வேற வண்டிய ஓட்டிட்டிருந்திருக்கோம்!"

ஹப்பைத் திறந்து ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணீரில் போகிற மாதிரி போனாள். பூட்டி ஓட்டினார்கள். நடுங்கினாள். திறந்தார்கள், பூட்டினார்கள். டெஸ்ஸுக்கு அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்போல் இருந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று உள்ளுக்குள் ஒரே சத்தம். அறுபத்து நாலு வயசு மனுஷன் செம்மண் பாதையின் நடுவில் இறங்கி நின்று, யாருமற்ற உப்புப்புதர் வெளியைப் பார்த்து ஓவென்று ஒரு கூச்சல் போட்டான். இரண்டு ஈமுக்கள் பயந்து ஓடின.

"போதும், கொண்டாட்டம் அப்புறம்" என்று நெவில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தான். டெஸ்ஸும் பக்கத்தில் நுழைந்ததும் நெவில் கேட்டான்: "முன் ஷாஃப்ட்ல யாராவது கை வச்சாங்களா?"

"ஆகஸ்டுல வேலிக்கம்பி சுத்திக்கிச்சு, மண்டோவி கேட்டுக்கிட்ட. எறக்கித்தான் எடுத்தேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"கம்பி எடுத்ததெல்லாமா சொல்லுவாங்க? நீ பல்லு வெளக்குனா எங்கிட்ட வந்து சொல்றியா?"

"நான் பல்லு வெளக்குனா ஊரே சொல்லும்."

நெவில் ஒரு முனையின் போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டைக் கீழே வாங்கினான். அது இரண்டு துண்டு. பல் வெட்டிய ஒரு துண்டு இன்னொன்றுக்குள் நுழைந்து நிற்கும். ஒரு முனையைக் கழற்றினால் இரண்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். திரும்பச் சேர்க்கும்போது இரண்டு முனையில் உள்ள கவட்டை வடிவக் கவைகளும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். பல் தள்ளி நுழைத்துவிட்டால் ஒன்று ஒருபக்கம் பார்க்கும், மற்றது வேறுபக்கம் பார்க்கும், வண்டி நடுங்கும். அதனால் பிரிப்பதற்கு முன்பு இரண்டு துண்டின் மேலும் சேர்த்து ஒரே கோடாகக் கீறிக்கொள்வது இங்கே சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைக்கும் தெரியும்.

நெவில் துணியால் கிரீஸைத் துடைத்தான். துடைத்தவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"இங்க பாருடா. யாருடா அடையாளம் போட்டது, கோழியா?"

ஒரே கோடு இருக்க வேண்டிய இடத்தில் கோணல்மாணலாக நாலைந்து கீறல். ஒன்று ஆரம்பித்த இடம் ஒன்று, முடிந்த இடம் வேறு. அவற்றில் தப்பான ஒன்றைப் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறது. இரண்டு பல் தள்ளி.

டெஸ் மல்லாந்து படுத்தபடி அந்தக் கீறல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் மாதக் காற்று, மண்டோவி கேட், கையில் ஸ்குரூடிரைவர். கோடு இழுக்கப் போனான், கோடு வழுக்கிக்கொண்டு எங்கோ போனது. மறுபடி இழுத்தான். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தான். குளிர், விறைத்துப்போச்சு என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டது அவனுக்கு ஞாபகம் வந்தது. கிளெனிஸ் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது.

"அன்னைக்குக் குளிரு" என்றான்.

"நீ சமையலும் பண்ணக்கூடாது, கோடும் இழுக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு நெவில் கவைகளை நேராகப் பார்த்து, துண்டுகளை நுழைத்து, கிரீஸ் வைத்து, போல்ட்டுகளை முடுக்கினான். அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வண்டி சரியானால் அவனுக்குப் போதும். ஹப் பூட்டியபடியே தொண்ணூறில் ஓட்டினார்கள். பிளாஸ்க்கின் மூடி வாயைத் திறக்கவில்லை. நெவில் மடியில் ரொட்டியை வைத்துக்கொண்டு, தன் பிட்டத்தின் பெருமையைக் கடைசிப் பண்ணை வரை பேசிக்கொண்டு வந்தான்.

அந்த வாரம் முழுக்க ஊரில் டெஸ்ஸுக்குப் பெயர் கோழி. மதுக்கடைக்குள் நுழைந்தால் நாலு பேர் கொக்கரித்தார்கள். டெஸ்ஸும் சேர்ந்து கொக்கரித்தான். கண்ணாடிக் குவளையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

அடுத்த தபால் நாள் கிளெனிஸ் வந்தாள். மீந்துபோன கேக் ஒரு டப்பா நிறைய மடியில் இருந்தது. முதல் கேட்டில் இறங்கித் திறந்தாள், தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். டெஸ் ஹப்பைப் பூட்டினான். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தொண்ணூறைத் தொட்டபோது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் இல்லை. புத்தம்புது வண்டி மாதிரி பெரில் ஓடினாள். இத்தனை வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிடும் என்று காத்திருந்தான். அது இறங்குவதாக இல்லை.

எதிரே தூரத்தில் தூசி கிளம்பியது. மண்டோவிக்காரர்களின் லாரியாக இருக்க வேண்டும். இந்தப் பாதையில் எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும். அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாதவனும் விரலைத் தூக்காமல் போக மாட்டான். டெஸ் ஆட்காட்டி விரலைத் தூக்கினான்.

விரல் ஆடியது.

ஸ்டீயரிங் அசையவில்லை. பிளாஸ்க் மூடி அசையவில்லை. ஒற்றை விரல் மட்டும், காற்றில் யாரோ பிடித்து உலுக்குகிறமாதிரி ஆடிக்கொண்டிருந்தது. லாரிக்காரன் பதிலுக்கு விரலைத் தூக்கிவிட்டுக் கடந்துபோனான். தூசி வந்து மூடியது. டெஸ் விரலை மடக்கி ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

கிளெனிஸ் தன் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே, முகத்தைத் திருப்பாமல், மெதுவாகச் சொன்னாள்:

"இன்னும் லேசா நடுங்குதில்ல, டெஸ்? நெவில் சரியா முடுக்கலபோல."

டெஸ்ஸுக்கு அவன் அம்மாவின் குரல் கேட்டது. லாரி பழசாயிடுச்சு, ஆமாம், ஆமாம். அவன் ஓட்டிக்கொண்டே போனான். மண்டோவி கேட் தெரிந்தது. கிளெனிஸ் டப்பாவை மூடிவைத்து இறங்கத் தயாரானாள். கேட்டுக்கு இன்னும் ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போதே டெஸ் வண்டியை நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். சாவியை எடுக்கப் போன கை, சாவியைத் தேடியது.

"என்ன, இங்கயே நிறுத்திட்ட?"

"பெரில் நல்லாத்தான் இருக்கா, கிளென். நான்தான் நடுங்குறேன்."

கிளெனிஸின் மடியிலிருந்த டப்பாவின் மேல் ஓர் ஈ உட்கார்ந்தது. அதை ஓட்டினாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்பலருந்து?"

"போன கிறிஸ்துமஸ்ல பன்னித்தொடை வெட்டுனியே, அப்பலருந்து. கத்தி தட்டுல தாளம் போட்டுச்சு."

"அதான் கூட வர்றியா."

"அதான் வர்றேன். போரடிக்குதுன்னு நெனச்சியா? ஒவ்வொரு கேட்லயும் இன்னைக்குச் சொல்லிடணும்னு நெனப்பேன். நீ சிரிச்சுட்டிருப்ப. சொன்னா அன்னைக்கோட ஒன்னை நாற்காலில உக்கார வச்ச மாதிரி ஆயிடும். எனக்கு வாய் வரல, டெஸ். எறங்கிப் போய் கேட்டைத் தொறப்பேன்."

"நான் எங்கப்பாவாட்டம் ஒன்னை..." டெஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதுக்குத்தான் தூணுக்குப் பின்னால நின்னேன், லூசு. தூசியாம் தூசி. நாப்பது வருஷமா இந்தத் தூசியைத்தானே திங்கிறேன்."

அப்புறம் டெஸ் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினான். பெரிலின் மூக்கைச் சுற்றி நடந்து வந்து, கிளெனிஸின் கதவைத் திறந்து சாவியை நீட்டினான். சாவிக்கொத்து சலசலத்தது. இந்தத் தடவை அவன் அதை மறைக்கவில்லை. அவள் வாங்கிக்கொண்டு, இறங்காமல் உள்ளேயே நகர்ந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போனாள். இருக்கையை முன்னால் தள்ளினாள். இன்னும் தள்ளினாள்.

"ஸ்டீயரிங்கைக் கடிச்சுத் திங்கப் போறியா?" என்றான் டெஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வாய மூடிட்டு ஏறு. திங்கக்கிழமை போர்ட் அகஸ்டா போறோம், டாக்டரைப் பாக்க. தபாலை நான் ஓட்டுறேன். நீ வா."

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த டெஸ்ஸுக்குக் கால் எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது என்று ஒன்றும் புரியவில்லை. முழங்காலைத் தட்டினான், கேக் டப்பாவைத் திறந்து மூடினான். கிளெனிஸ் பெரிலைக் கிளப்பி, கேட்டுக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெஸ்ஸும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஜின் அத்தை பெரிலைப்போலப் பேசிக்கொண்டே இருந்தது.

"என்ன?" என்றான் டெஸ்.

"கேட்" என்றாள் கிளெனிஸ்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இறங்கினான். மண்டோவி கேட்டின் சங்கிலி துருப்பிடித்த பழைய சங்கிலி. வளையத்தை ஒரு கொக்கியில் குறிபார்த்து மாட்ட வேண்டும், குறிபார்த்துத்தான் எடுக்கவும் வேண்டும். அவன் கை வளையத்தைத் தள்ளியது, வளையம் வரவில்லை. மறுபடி தள்ளினான். திரும்பிப் பார்த்தான். கிளெனிஸ் உதவிக்கு இறங்கி வரவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. அவசரமே இல்லாதவள் மாதிரி ஒரு துண்டுக் கேக்கை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். டெஸ் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, வளையத்தைக் கொக்கியிலிருந்து தூக்கினான். கேட் கிறீச்சிட்டுத் திறந்தது. அதை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, அதன் ஓரத்திலேயே நின்றான், தூணுக்குப் பின்னால் போகவில்லை.

பெரில் அவனை உரசாமல் கடந்துபோனாள். கேட்டை மூடி, சங்கிலியோடு மறுபடி மல்லுக்கட்டிவிட்டு, தலை முதல் கால் வரை செம்மண்ணாக அவன் ஓடிவந்து ஏறினான்.

"அடுத்த கேட் எவ்ளோ தூரம்?" என்று கிளெனிஸ் கேட்டாள்.

"பக்கந்தான்" என்றான் டெஸ். இந்தப் பாதையில் கேட்டுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அவன் கதவின் கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமலேயே உட்கார்ந்திருந்தான்.